மாவில் விழுந்தது

செவ்வாய் அதிகாலை மூன்று மணிக்கு
என் போன் மாவுத் தொட்டிக்குள் விழுந்தது.
துடைத்தேன், ஊதினேன், தலைகீழாகத் தட்டினேன்.
திரை எரிந்தது. நேரம் சரியாக இருந்தது.
ஆனால் கையில் எடுத்தபோது
துள்ளிக்கொண்டிருந்த மீன் சட்டென்று அடங்கியதுபோல் இருந்தது.

கொகிம்போவில், துறைமுகத்துக்கு மேலே
மூச்சு வாங்க ஏறும் தெருவில் யோஸ்மாரின் பழுதுக்கடை.
திறந்து பார்த்தான். மூடினான்.
'எல்லாம் நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதிக் காட்டினான்.
அதை நிரூபிக்க
மணியோசையை முழுச் சத்தத்தில் அலறவிட்டான்.
பக்கத்தில் நின்ற குழந்தை காதைப் பொத்தியது. நாய் எழுந்து போனது.
நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
ஊதியவர்களில் ஒருவருக்குக்கூட
சங்கை என் உள்ளங்கையில் வைத்து ஊதத் தோன்றியதில்லை.

ஏப்ரனின் இடப்பக்கப் பை, அதுதான் அதன் இடம்.
நீளமாக ஒன்று என்றால் மர்ராகேத்தா ரொட்டி வெந்துவிட்டது.
குட்டையாக இரண்டு, படகிலிருந்து ரிகோபெர்த்தோ.
மூன்று துள்ளல் என் தங்கை இர்மா, பெரும்பாலும் பணம் கேட்டு.
எழுத்தைத் தொட்டால் ஒரு சின்ன முட்டல்,
விரலடியில் எள் நொறுங்குவதுபோல.
இருந்தவரை அதை நான் நினைத்ததே இல்லை.
பல் விழும்வரை நாக்கு பல்லை நினைக்கிறதா என்ன?

நான்கு நாள் அது இல்லை.
ஈரச் சோப்பின்மேல் எழுதுவதுபோல் வழுக்கியது.
'வருகிறேன்' இரண்டு தடவை போயிற்று, 'வரவில்லை' போகவேயில்லை.
நாற்பது ரொட்டி கரியானது.
எலியேசர் கத்தினார். கத்துகிறார் என்று எனக்குத் தெரியும்,
கழுத்து நரம்பு புடைக்கும்.
பாவம், அவ்வளவு காற்றும் வீண்.
பாலை அடுப்பில் வைத்தவள்போல
நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.
இதைவிட மோசம், என் தொடை பொய் சொல்லத் தொடங்கியது.
துடித்தது என்றது. எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை.
மறுபடியும் துடித்தது என்றது.

வெள்ளி இரவும் சொன்னது.
போடி, என்றேன், மாவைப் பிசைந்துகொண்டே.
பிறகு மேசையும் சொன்னது.
தட்டுகள் தாமாக நகர்ந்தன.
எலியேசர் வாசலில் நின்று இரு கைகளாலும் என்னை அள்ளி அள்ளிக் கூப்பிட்டார்.

பூமிதான். இந்தக் கரையில் அது அடிக்கடி அழைக்கும்,
அதை எடுக்க யாருக்கும் காது வேண்டாம்.

அரை நிமிடம்.
மாவுத் தூசி மெல்ல இறங்கியது.
எல்லாரும் அவரவர் போனை எடுத்தார்கள், நானும்.
சிக்னல் இல்லை. கல்லைப் பைக்குள் போட்டுவிட்டு
உடைந்த தட்டுகளைக் கூட்டப் போனேன்.
கூட்டி முடித்துப் பார்த்தால்
ரிகோபெர்த்தோ ஒன்பது தடவை கேட்டிருந்தான்:
இருக்கிறாயா.
கடைசி இரண்டில் வெறும் கேள்விக்குறி.

சனிக்கிழமை யோஸ்மாரிடம் எதையும் எழுதவில்லை.
அவன் கையை இழுத்து விரித்தேன்.
அவன் போனை அதில் வைத்து இர்மாவை அழைக்கச் சொன்னேன்.
பிறகு அதே உள்ளங்கையில் என்னுடையதை வைத்தேன், இர்மா அழைத்தாள்.
திரையில் அவள் பெயர் மின்னியது.
அவன் கை காத்திருந்தது.
காத்திருந்தது.
பிறகு என்னைப் பார்த்தான்,
முதல் முறையாக.

இழுப்பறையிலிருந்து ஒரு மோட்டார் எடுத்தான், பருப்பு அளவுகூட இல்லை.
எட்டாயிரம் பெசோ. பேரம் பேசவில்லை.

தெருவின் மூன்றாவது வளைவில்
இடப்பக்கம் துள்ளியது.
தொடையை நம்பாமல் கையை வைத்தேன், கையும் ஆமாம் என்றது.
மூட்டையை இறக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து எடுத்துப் பார்த்தேன்:
இந்த வாரம் மட்டும்
ஐந்து ஜிபி டேட்டா பாதி விலையில்.

முழுவதும் படித்தேன்.
விதிமுறைகள் உட்பட.